ஆலங்கட்டிகளின் ஒரே குளிர்காலம்

ஆல்டர் ஃபோர்க், மொன்டானா
1980 அக்டோபர் 5

அன்புள்ள லோவெல்,

நான் நலம். உன் முதுகுவலி எப்படி இருக்கிறது? அலாஸ்காவின் அந்த எண்ணெய் முகாமில் அத்தனை பேருக்கும் நீதான் தலைமைச் சமையல்காரன் என்று பெருமையாக எழுதுகிறாய். குனிந்து மாவு பிசைகிற வேலையையாவது வேறு யாரிடமாவது தள்ளிவிடு. கம்பளிக் காலுறைகள் தனியாக அனுப்பியிருக்கிறேன்.

ஊரில் ஒரு கூத்து நடக்கிறது, கேள். நமக்கு ஒரு கூடைப்பந்து அணி வந்திருக்கிறது. பள்ளிக்கூட அணி இல்லையடா, சம்பளம் வாங்கி ஆடுகிற நிஜமான அணி! பெரிய லீக்கில் இடம் கிடைக்காதவர்கள், அங்கிருந்து கழற்றிவிடப்பட்டவர்கள், என்றாவது ஒரு நாள் கூப்பிடுவார்கள் என்று காத்திருப்பவர்கள் எல்லாரும் ஆடுகிற சின்ன லீக். கொண்டுவந்தவர் ஸ்டெர்லிங் ப்ராட். கலிஃபோர்னியாவிலிருந்து வந்து நம் ஊரில் நீச்சல் குளம் விற்கப் பார்த்தாரே, அவரேதான். பாதி வருடம் பனி கிடக்கிற ஊரில் நீச்சல் குளம் விற்க நினைத்த மனுஷனுக்கு இதெல்லாம் ஒரு பெரிய விஷயமா?

அணிக்கு அவர் வைத்த பெயர்தான் உச்சம். ஆலங்கட்டிகள்! கோதுமை விளைகிற ஊரில்! சுவரொட்டி ஒட்டிய அன்றே ஹில்மாவின் சாப்பாட்டுக்கடையில் விவசாயிகள் அவரைச் சூழ்ந்துகொண்டார்கள்.

"எதிராளி பயப்படுற மாதிரி ஒரு பேரு வேணும்லங்க?" என்றார் ப்ராட்.

"எதிராளி எங்கய்யா பயப்படுறான்? நாங்கல்ல பயப்படுறோம்!" என்றார் கிழவர் கார்ஸ்டன். "வெள்ளாமை வெச்சிருக்கிறவனப் பாத்து 'ஆலங்கட்டி வா, வா'ன்னு கத்தச் சொல்றியே, இது உனக்கே நல்லாருக்கா?"

அந்த இடத்திலேயே பாதிப் பேர் ஆட்டத்துக்கு வரமாட்டோம் என்று சொல்லிவிட்டார்கள்.

எனக்கும் இதில் ஒரு வேலை உண்டு. ஆட்டங்கள் எங்கள் பள்ளி அரங்கில் நடக்கும். பள்ளி ஆட்டங்களுக்குக் கடிகாரம் பார்ப்பவள் நான்தான் என்பதால் இதற்கும் என்னையே உட்கார வைத்துவிட்டார்கள். லீக்கிலிருந்து ஒருவர் வந்து விதி சொன்னார். மேஜையில் இருப்பவர் கை தட்டக்கூடாது, கத்தக்கூடாது, முகத்தைக்கூடச் சுளிக்கக்கூடாது. நடுவர் கேட்டால் பார்த்ததைச் சொல்லலாம். கேட்காவிட்டால் வாய் திறக்கக்கூடாது. எனக்குப் பிடித்த விதி, சம்மதித்துவிட்டேன்.

குளிருக்கு முன் பல் வைத்தியரைப் பார்த்துவிடு.

உன் அக்கா,
ஆர்லிஸ்


வடமுகாம், அலாஸ்கா
1980 அக்டோபர் 28

அன்புள்ள அக்கா,

முதுகு பரவாயில்லை. பல்லைப் பற்றிப் பேசாதே. நீ நலமா? காலுறை வந்தது, ஒன்றை ஹாஸ்கெல் திருடிவிட்டான். டெக்சாஸ்காரன், கதவில் நிமிர்ந்து நுழைய முடியாத உடம்பு, ஆனால் குளிர் என்றால் குழந்தை.

உன் கடிதத்தைச் சாப்பாட்டுக்கூடத்தில் சத்தமாக வாசித்தேன். கோபிக்காதே. இங்கே படிக்க ஒன்றும் கிடையாது, சாஸ் பாட்டிலின் லேபிளை எல்லாரும் மனப்பாடம் செய்துவிட்டார்கள். ஆலங்கட்டி என்றதும் கோதுமை ஊர்க்காரர்கள் எல்லாம் "ஐயையோ!" என்று நெஞ்சில் கை வைத்தார்கள். அப்பா இருந்திருந்தால் ப்ராட்டை மண்வெட்டியோடு துரத்தியிருப்பார்.

அந்த மேஜை விதி உனக்காகவே எழுதியது போலிருக்கிறது, அக்கா. நீ பிறந்ததிலிருந்து அந்த மேஜையில்தானே உட்கார்ந்திருக்கிறாய். மாட்டு டாக்டர் ஆர்வின் இரண்டு வருடம் உன்னை நடனத்துக்குக் கூட்டிப் போனான். உனக்கு அவனைப் பிடித்திருந்தது. அவன் கேட்கவில்லை, நீ சொல்லவில்லை. அவன் கிரேட் ஃபால்ஸில் ஒருத்தியைக் கட்டிக்கொண்டான். நீ கல்யாணப் பரிசாகப் போர்வை பின்னிக் கொடுத்தாய். நானாக இருந்தால் அந்தப் போர்வையில் ஊசியை விட்டுவைத்திருப்பேன்.

ஆட்டம் எப்படி நடந்தது என்று விவரமாக எழுது. கூடம் முழுக்கக் காத்திருக்கிறது.

தம்பி,
லோவெல்


ஆல்டர் ஃபோர்க்
1980 நவம்பர் 23

அன்புள்ள லோவெல்,

சளி பிடித்துவிட்டது, வேறொன்றுமில்லை. நீ எப்படி இருக்கிறாய்? ஆர்வின் கதையை முகாமில் வாசிக்கவில்லையே? வாசித்திருந்தால் இனி உனக்குக் காலுறை கிடையாது.

முதல் ஆட்டத்தைக் கேள். இந்த லீக்கில் ஒரு விசித்திர முறை. ஆட்டத்தில் நான்கு கால்பகுதிகள் உண்டல்லவா? ஆட்டத்தை ஜெயித்தால் மூன்று புள்ளி. அதுபோக ஒவ்வொரு கால்பகுதியையும் யார் ஜெயித்தாலும் அதற்குத் தனியாக ஒரு புள்ளி. அதாவது ஆட்டத்தில் உதை வாங்கினாலும், கடைசிக் கால்பகுதியில் மட்டும் எதிராளியைவிட அதிகக் கூடை போட்டால் ஒரு புள்ளியோடு வீட்டுக்குப் போகலாம். இது நம் ஜனங்களுக்கு யாரும் சொல்லவில்லை. முதல் ஆட்டத்தில் அநியாயமாகத் தோற்றோம், கடைசிக் கால்பகுதியை மட்டும் ஜெயித்தோம். கூட்டம் இழவு வீடு போல உட்கார்ந்திருக்க, நம் ஆட்கள் மட்டும் ஒருவரையொருவர் தூக்கிக்கொண்டு குதித்தார்கள்.

"தோத்துப்புட்டுக் குதிக்குது பாரு, வெக்கமே இல்லாம!" என்று ஹில்மா கத்தினாள்.

வெட்கம் கெட்டுக் குதித்தவர்களில் முதல் ஆள் ராஸ்கோ பெட்டிஃபோர்ட். அணியிலேயே மூத்தவர், முப்பத்து மூன்று. வட கரோலினாக்காரர். ஹில்மாவின் மாடியறையில்தான் தங்கியிருக்கிறார். விடுதி வசதி இல்லாததால் ஆட்டக்காரர்களை வீட்டுக்கொருவராகப் பிரித்துக் கொடுத்திருக்கிறார்கள். நம் ஊரில் கறுப்பர்கள் யாரும் இதுவரை குடியிருந்ததில்லை. இப்போது ஆறு பேர், ஆறு பேரும் ஆலங்கட்டிகள். ஹில்மா அறை கொடுத்தபோது இரண்டு பேர் ஏதோ முணுமுணுத்தார்களாம். "கட்டில்தான் அவனுக்குக் குட்டை. வேற என்ன குறைன்னு நீங்களே சொல்லுங்க, கேப்போம்" என்றாளாம். அவர்கள் காப்பியைக் குடித்துவிட்டுப் போய்விட்டார்கள்.

ஆட்டம் முடிந்ததும் அந்த மனிதர் நேராக என் மேஜைக்கு வந்தார்.

"டீச்சர், ரெண்டாவது கால்பகுதியில ஒரு நொடி தின்னுட்டீங்க."

"தின்னலை" என்றேன்.

"பசியில தெரியாமத் தின்னிருப்பீங்க."

நிறுத்துகடிகாரம் எடுத்துவந்து அவர் பந்து அடிக்க, நான் பொத்தான் அழுத்த, சோதித்துப் பார்த்தோம். என் கை தப்பவில்லை. என்னிடம் தோற்றதற்கு அபராதமாக மறுநாள் பள்ளிக்கு ஹில்மாவின் ஆப்பிள் கேக் ஒரு முழுத் தட்டு கொண்டுவந்தார். என் வகுப்புப் பிள்ளைகள் அன்று வடிவியலைத் தொடவே இல்லை.

இன்னொன்று. இங்கே இரவில் காரின் எஞ்சின் உறையாமலிருக்க மின்கம்பி சொருகி வைக்கிறோமே, அதை அவர் பார்த்ததே இல்லையாம். "மாட்டைக் கட்டிப் போடுற மாதிரி காரைக் கட்டிப் போடுறீங்களே!" என்று சிரித்தார். மறுநாள் காலையில் அவரே கம்பியைக் கழற்ற மறந்து காரைக் கிளப்பி, ஹில்மா வீட்டுத் தாழ்வார விளக்கையும் பிய்த்து இழுத்துக்கொண்டு கடைத்தெரு முழுவதும் போயிருக்கிறார். ஊரே வெளியில் வந்து சிரித்தது. அடுத்த ஆட்டத்துக்கு, வரவே மாட்டேன் என்ற கார்ஸ்டன், மாட்டுமணியோடு முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தார்.

காதை மூடிக்கொண்டு வெளியே போ.

ஆர்லிஸ்


வடமுகாம்
1980 டிசம்பர் 14

அன்புள்ள அக்கா,

சளி போயிற்றா? மிளகு போட்டு சூப் குடி. நான் நலம், முகாம் முழுக்க நலம்.

இங்கே எல்லாருக்கும் ஆலங்கட்டிப் பைத்தியம் பிடித்திருக்கிறது. கால்பகுதிக்குக் கால்பகுதி பந்தயம் கட்டுகிறார்கள். தோற்றவன் தன் பங்கு கேக்கை விட்டுக்கொடுக்க வேண்டும். உன் கடிதம் வந்த அன்று ஹாஸ்கெல் மட்டும் ஒரு தட்டைக் காலி செய்தான். மின்கம்பிக் கதையை மூன்று முறை வாசிக்கச் சொன்னார்கள்.

அக்கா, ஒன்று கவனித்தேன். அணியில் பத்துப் பேர் இருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். உன் கடிதத்தில் ஒருவருக்குத்தான் பெயர் இருக்கிறது. மற்ற ஒன்பது பேரும் ஊமைகளா? "அந்த மனிதர்" என்று எழுதியிருக்கிறாய். நம் வீட்டில் அம்மாகூட அப்பாவை அப்படித்தான் சொல்வாள்.

சும்மா கேட்டேன். கிறிஸ்துமஸ் வாழ்த்துகள்.

லோவெல்


ஆல்டர் ஃபோர்க்
1981 ஜனவரி 4

அன்புள்ள லோவெல்,

புத்தாண்டு வாழ்த்துகள். உடம்பு தேறிவிட்டது. உன் பல்?

உனக்கு வேறு வேலை இல்லையா? மற்றவர்களுக்கும் பெயர் இருக்கிறது. டெல்மர், கர்டிஸ், இன்னும் பலர். போதுமா?

அணி இப்போது ஊரின் செல்லப்பிள்ளை. ஆலங்கட்டிச் சேதத்துக்குக் காப்பீடு விற்கிற முகவர் அரங்கு முழுக்க விளம்பரம் மாட்டியிருக்கிறார். "ஆட்டத்தில் விழட்டும், வயலில் விழுந்தால் நாங்கள் இருக்கிறோம்" என்று எழுதியிருக்கிறது. கார்ஸ்டனே அதைப் பார்த்துச் சிரித்துவிட்டார். கால்பகுதி ஜெயித்தால் மாட்டுமணிகளின் சத்தத்தில் காது போய்விடுகிறது. ஆட்டங்களில் பாதிக்கு மேல் தோல்விதான், ஆனால் கால்பகுதிகளைக் கொறித்துக் கொறித்தே பட்டியலில் மேலே வந்துகொண்டிருக்கிறோம்.

கிறிஸ்துமஸ் விருந்துக்கு நம் தேவாலயத்துக்கு அணி முழுவதையும் கூப்பிட்டிருந்தார்கள். நம் ஆட்கள் வழக்கம்போல லூட்டஃபிஸ்க் வைத்தார்கள். காரநீரில் ஊறிக் கொழகொழவென்று ஆடுகிற அந்த மீனைப் பார்த்ததும் டெல்மர் ஜெபம் செய்யப் போவதாகச் சொல்லி எழுந்து போனவர் திரும்பவில்லை. ராஸ்கோ மட்டும் தட்டைக் காலி செய்தார்.

"எப்படி இருக்கு?" என்று கேட்டேன்.

"டீச்சர், பொய் சொல்லணுமா, நிஜம் சொல்லணுமா?"

"நிஜம்."

"இதைச் சாப்பிட்டுட்டும் உங்க பக்கத்துலயே உக்காந்திருக்கேன். அதுலயே தெரியலையா?"

நான் தண்ணீர் எடுக்கப் போய்விட்டேன். எதற்கு இதை எழுதுகிறேன் என்று தெரியவில்லை. இந்தப் பகுதியை வாசிக்காதே, கூடத்தில்.

ஆர்லிஸ்


ஆல்டர் ஃபோர்க்
1981 பிப்ரவரி 8

அன்புள்ள லோவெல்,

நலம். நீயும் நலம் என்று நம்புகிறேன். எழுதத் தாமதமாகிவிட்டது. பள்ளியில் தேர்வுகள்.

குளிர் அதிகம். சமையலறைக் குழாய் உறைந்து வெடித்தது, சரிசெய்தாயிற்று. அணி சென்ற வாரம் இரண்டு ஆட்டம் தோற்று ஒன்று ஜெயித்தது. கர்டிஸ் நன்றாக ஆடுகிறார். ப்ராட் புதுக் கோட்டு வாங்கியிருக்கிறார். ஹில்மாவுக்கு முட்டிவலி.

வேறு விசேஷம் இல்லை.

ஆர்லிஸ்


வடமுகாம்
1981 பிப்ரவரி 19

அக்கா,

நான் நலமாக இருப்பது இருக்கட்டும். உனக்கு என்ன ஆயிற்று?

ஒரு மாதத்துக்கு மேல் கடிதம் இல்லை. வந்த கடிதத்தில் ஹில்மாவின் முட்டி இருக்கிறது, ப்ராட்டின் கோட்டு இருக்கிறது. ராஸ்கோ எங்கே? கூடத்தில் வாசித்து முடித்தேன். ஹாஸ்கெல் தலையைச் சொறிந்துகொண்டு, "அந்தாளு செத்துட்டானா?" என்று கேட்டான்.

நீயாகச் சொல்லமாட்டாய் என்று எனக்குத் தெரியும். அதனால் நடுவராக நின்று கேட்கிறேன். ஆர்லிஸ் ஹோவ்லாண்ட், அவருக்கும் உனக்கும் இடையில் என்ன நடந்தது? இந்தப் பதிலை யாருக்கும் வாசிக்கமாட்டேன். அடுப்பின்மேல் கை வைத்துச் சொல்கிறேன். பொய் சொன்னால் சுடும்.

லோவெல்


ஆல்டர் ஃபோர்க்
1981 மார்ச் 1

அன்புள்ள லோவெல்,

கேட்டுவிட்டாய், சொல்கிறேன். உடம்புக்கு ஒன்றுமில்லை. மனசுதான் சரியில்லை.

ஜனவரி நடுவில் ஒரு நாள் பயிற்சி முடிந்து என்னை வீடுவரை கூட்டிவந்தார். வாசலில் நின்று, "மணிலாவுல ஒரு அணி கூப்பிடுது, டீச்சர். அங்க கூடைப்பந்துன்னா உசுரு. சீசன் முடிஞ்சதும் கிளம்பிடுவேன்" என்றார். சொல்லிவிட்டு என் முகத்தையே பார்த்தார். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "நல்லது. வாழ்த்துகள். அங்க குளிராது" என்றேன். குளிராதாம்! கதவைச் சாத்திவிட்டு கோட்டைக்கூடக் கழற்றாமல் சமையலறையில் உட்கார்ந்து அழுதேன். எனக்கு அவரைப் பிடித்திருக்கிறது, லோவெல். ரொம்பப் பிடித்திருக்கிறது. எழுதிவிட்டேன், இனி அழிக்கமாட்டேன்.

அதிலிருந்து அவர் மரியாதையாக "வணக்கம் டீச்சர்" என்கிறார். கேக் கொண்டுவருவதில்லை.

மார்ச் 21 கடைசி ஆட்டம். இறுதிச்சுற்றுக்குள் நுழைந்தால் இன்னும் சில வாரம் ஆடுவார்கள். அதைவிட முக்கியம், இறுதிச்சுற்றுக்குப் போனால் அடுத்த வருடமும் அணி இங்கேயே இருக்கும், பழைய ஆட்கள் எல்லாருக்கும் ஒப்பந்தம் உண்டு, இல்லாவிட்டால் அன்றோடு கடையை மூடிவிடுவேன் என்று ப்ராட் சொல்லியிருக்கிறார். ஒப்பந்தம் இருந்தால் ஒருவேளை அவர் போகமாட்டார். ஊர் முழுக்க ஆலங்கட்டிகள் ஜெயிக்கவேண்டும் என்று வேண்டிக்கொள்கிறது. நான் எதற்காக வேண்டிக்கொள்கிறேன் என்று கர்த்தருக்கும் உனக்கும் மட்டும்தான் தெரியும்.

ஆர்லிஸ்


வடமுகாம்
1981 மார்ச் 11

அக்கா,

அழாதே. முதலில் சாப்பிடு.

"அங்க குளிராது" என்று சொன்னவளை என்ன செய்வது? அடித்தால் பாவம், விட்டால் தரித்திரம். போய்ச் சொல்லு, அக்கா. அவர் மறுத்தால் மறுக்கட்டும். ஜெயித்தால் இருப்பார், தோற்றால் போவார் என்று உன் வாழ்க்கையை டெல்மர், கர்டிஸ் கையில் கொடுத்துவிட்டு உட்கார்ந்திருக்கிறாயே!

புயலால் தபால் விமானம் நின்று நின்று வருகிறது. இது 21க்கு முன் சேரவேண்டும். யாருக்கும் வாசிக்கவில்லை. ஆனால் என் முகத்தைப் பார்த்துவிட்டு ஹாஸ்கெல் தன் கேக்கை எனக்குக் கொடுத்தான்.

லோவெல்


ஆல்டர் ஃபோர்க்
1981 மார்ச் 22

அன்புள்ள லோவெல்,

நலமா? உன் கடிதம் வந்தது. போய்ச் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை. இப்போது எல்லாம் முடிந்துவிட்டது.

நேற்றைய ஆட்டம். கோல்ட்வாட்டர் அணி வந்திருந்தது. எங்களுக்குத் தேவை ஒரே ஒரு கால்பகுதி. ஆட்டத்தில் தோற்றாலும் பரவாயில்லை, ஒரு கால்பகுதி ஜெயித்தால் அந்தப் புள்ளியோடு இறுதிச்சுற்று. அரங்கில் ஜன்னல் விளிம்பில்கூட ஆள். முதல் மூன்று கால்பகுதியிலும் எங்களைத் துவைத்து எடுத்துவிட்டார்கள். ஆட்டம் எப்போதோ போய்விட்டது. அதனால் என்ன? நான்காவது கால்பகுதி புதுக் கணக்கு. நம் ஜனங்கள் பலகையில் மொத்த எண்ணைப் பார்க்கவே இல்லை. நான்காவதை மட்டும் வாயாலேயே எண்ணிக்கொண்டிருந்தார்கள். கடைசி நிமிடத்தில் அந்தக் கால்பகுதி சமமாக நின்றது. சமம் என்றால் ஆளுக்கு அரைப் புள்ளி. அரை போதாது.

பந்து ராஸ்கோவிடம் வந்தது. இரண்டு பேர் மறித்தார்கள். ஒருவனை ஏமாற்றித் திரும்பினார், எம்பினார், எறிந்தார். பந்து வளையத்தைத் தொடாமல் உள்ளே விழுந்தது. நேரம் முடிந்ததும் தானாக அலறுகிற சங்கு நடுவில் அலறியிருந்தது. ஆனால் அந்தக் கூச்சலில் யார் காதிலும் அது விழவில்லை. ஜனங்கள் ஆடுகளத்துக்குள் இறங்கிவிட்டார்கள். கார்ஸ்டன் மணியை ஆட்டிக்கொண்டு அழுகிறார். ப்ராட் புதுக் கோட்டைக் கழற்றி வீசிவிட்டார்.

நடுவர் வால்ட் கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு என் மேஜைக்கு வந்தார். அவருக்கு மறைத்துவிட்டதாம். சங்குக்கு முன்பே பந்து கையை விட்டிருந்தால்தான் கூடை செல்லும்.

"ஆர்லிஸ், சங்கு ஊதுறப்ப பந்து அவன் கையிலயா, காத்துலயா?"

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். என் மாணவர்கள், ஹில்மா, டெல்மர் எல்லாரும். அவரும் பார்த்தார். காற்றில் என்று ஒரு வார்த்தை சொன்னால் ஊருக்கு அணி இருக்கும், எனக்கு அவர் இருப்பார். யாரும் என்னைச் சந்தேகப்பட்டிருக்கமாட்டார்கள். ஆனால் நான் பார்த்தேன், லோவெல். கடிகாரத்தையும் பந்தையும் சேர்த்துப் பார்ப்பதுதானே என் வேலை?

"கையில" என்றேன்.

முதலில் கார்ஸ்டனின் மணிதான் நின்றது. அப்புறம் எல்லாரும் கோட்டை எடுத்துக்கொண்டு வெளியே போனார்கள். ஒருவரும் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். ராஸ்கோ பந்தை எடுத்துவந்து மேஜையில் வைத்தார். "கையிலதான் இருந்துச்சு, டீச்சர். எனக்கும் தெரியும்" என்றார். இன்னும் ஏதோ சொல்ல நின்றார். சொல்லாமலே போய்விட்டார்.

இன்று தேவாலயத்தில் என் வரிசையில் யாரும் உட்காரவில்லை. அடுத்த திங்கட்கிழமை அவர் கிளம்புகிறாராம். உன் பல்லைக் கவனி.

ஆர்லிஸ்


வடமுகாம்
1981 ஏப்ரல் 2

அன்புள்ள அக்கா,

எப்படி இருக்கிறாய்? உன் கடிதம் நேற்றுதான் வந்தது. ஆட்டத்தை மட்டும் வாசித்தேன். "கையில" என்ற இடத்தில் பெஞ்சு கவிழ்ந்தது. இரண்டு கட்சியாகப் பிரிந்து சண்டை போட்டார்கள். ஒரு கட்சி, "ஒரு சின்னப் பொய், என்ன கொறஞ்சு போச்சு?" என்றது. ஹாஸ்கெல் மேஜைமேல் ஏறி நின்று, "எங்கிட்ட ஒரு வார்த்தை நிஜம் பேசின பொம்பளையை நான் பாத்ததே இல்ல. அந்த அக்காவைப் பத்தி யாராச்சும் பேசினா பல்லு உதுரும்" என்றான். என் பல் ஏற்கெனவே ஆடுவதால் நான் அவன் கட்சி.

எனக்குப் பெருமையாக இருக்கிறது. வயிற்றெரிச்சலாகவும் இருக்கிறது. இன்று ஏப்ரல் 2. அவர் போய்விட்டிருப்பார். நீ சொன்னாயா? சொல்லியிருக்கமாட்டாய். ஏதாவது எழுது, அக்கா.

லோவெல்


ஆல்டர் ஃபோர்க்
1981 ஏப்ரல் 5

அன்புள்ள லோவெல்,

நலம், நலம், நலம்! நீ நலமா? உன்னிடமிருந்து இன்னும் பதில் வரவில்லை. எனக்குக் காத்திருக்கப் பொறுமை இல்லை.

போன ஞாயிற்றுக்கிழமை ஹில்மா கடையில் அணிக்கு வழியனுப்பு விருந்து. நான் போவதாக இல்லை. ஒரு வாரமாக என்னோடு யாரும் முகம்கொடுத்துப் பேசவில்லை. அப்புறம், அவரைக் கடைசியாக ஒரு தடவை பார்க்கலாம் என்று போய் மூலையில் உட்கார்ந்தேன். ஹில்மா எல்லாருக்கும் ஆப்பிள் கேக் வைத்தாள், என்னைத் தாண்டிப் போய்விட்டாள்.

ராஸ்கோ எழுந்தார். நன்றி சொல்லப் போகிறார் என்று எல்லாரும் திரும்பினார்கள். அவர் மேஜைகளுக்கு நடுவே நடந்து வந்து என் முன்னால் நின்றார்.

"டீச்சர், ஒரு விஷயம். ஜனவரியில மணிலா போறேன்னு உங்ககிட்ட சொன்னேன். நீங்க நல்லதுன்னீங்க. சரி, இவங்களுக்கு நம்மளைப் பிடிக்கலன்னு நெனச்சுட்டேன். அன்னைக்கு வால்ட் வந்து கேட்டாரு, நீங்க அத்தனை பேரு முன்னாடியும் நிஜத்தைச் சொன்னீங்க. அப்பத்தான் எனக்கு உறைச்சுது. நான் சொன்னேனே ஒழிய, உங்களைக் கேக்கவே இல்ல."

"இப்பக் கேக்குறேன். நான் போறது உங்களுக்குச் சரியா?"

ஆர்வின், போர்வை, எல்லாம் கண்முன் வந்தது.

"சரியில்ல" என்றேன்.

"கேக்கல, டீச்சர்."

"சரியில்லன்னு சொன்னேன்! கொஞ்சங்கூடச் சரியில்ல!" என்று கத்தினேன். நான் கத்தி இந்த ஊர் கேட்டதே இல்லை. கார்ஸ்டன் காதிலிருந்த கருவியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

"சரி, நீங்களும் கூட வந்தா?"

"அது சரி" என்றேன்.

அவர் சிரித்த சிரிப்பை எழுத எனக்குத் தெரியாது. மணியை யார் கொண்டுவந்திருந்தார்களோ, ஆட்ட ஆரம்பித்துவிட்டார்கள். ஹில்மா கண்ணைத் துடைத்துக்கொண்டே ஒரு முழுக் கேக்கை என் முன்னால் டங்கென்று வைத்து, "இதுக்காகவாடி எங்க அணியைத் தொலைச்ச? தின்னு!" என்றாள். முதுகில் ஒரு அடியும் வைத்தாள்.

ஜூன் மாதம்தான் வரமுடியும் என்று மணிலாவுக்குத் தந்தி கொடுத்துவிட்டார். ஜூன் 6, சனிக்கிழமை, நம் தேவாலயத்தில் கல்யாணம். சமையல் உன் பொறுப்பு, லூட்டஃபிஸ்க் கூடாது. பள்ளியில் ஒரு வருட விடுப்பு கேட்டிருக்கிறேன். ப்ராட் அரங்கைக் காலி செய்துவிட்டுப் போய்விட்டார்; அடுத்த ஊரில் என்ன விற்கப் போகிறாரோ. அணி இல்லையே என்று ஊரில் எல்லாருக்கும் வருத்தம்தான். எனக்கும்தான். ஆனாலும் என்னோடு பேசுகிறார்கள்.

நேற்று கடவுச்சீட்டுக்குப் படம் எடுக்கப் போனேன். சிரிக்கக்கூடாதாம். படக்காரர் நல்லபடியாகத்தான் சொன்னார், அதட்டியும் பார்த்தார். கடைசியில், "நாளைக்கு வாங்கம்மா, உங்களால இன்னைக்கு முடியாது" என்று அனுப்பிவிட்டார்.

உன் அக்கா,
ஆர்லிஸ்